ரிவர்ஸ் எடுத்தால்தான் டிரெய்லர்

டிரெய்லர் மறுபடியும் ஷெட்டின் தூணில் போய் முட்டியதும், ரெமிஜியஸ் காரை நிறுத்திவிட்டு இறங்கி, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் துடைத்தார்.

கோளாறு கண்ணாடியில் இல்லை என்று தனக்கோடிக்குத் தெரியும்.

பீன்யா தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற தனக்கோடி, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர்கள் செய்து விற்கிறவன். அவனிடம் ஒரு கண்டிஷன் உண்டு. வாங்க வருகிறவர் டிரெய்லரைக் காரில் கட்டி, ரிவர்ஸில் எடுத்து, ஷெட்டுக்குள் நேராக விட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வியாபாரம் கிடையாது.

முன்பெல்லாம் அப்படியில்லை. சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனவர்கள் வீட்டு கேட்டில் மாட்டிக்கொண்டு அவனுக்கு போன் போட்டார்கள். ஒருவர் மாமியார் வீட்டுச் சமையலறை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார். அன்றிலிருந்துதான் கண்டிஷன்.

ரெமிஜியஸும் அவர் மனைவி மௌரீனும் அல்சூரிலிருந்து வந்திருந்தார்கள். கல்யாண ரிசப்ஷன்களில் அவர் கீபோர்டு வாசிப்பார், அந்தம்மா பாடுவார். ஸ்பீக்கர், டிரம், ஸ்டாண்டு எல்லாம் அந்தச் சின்ன காரில் ஏறிய பிறகு பாடுகிறவருக்கு இடம் இருக்காது. மௌரீன் ஜிகினா கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பின்னால் வருவார்.

போன வாரம் ஆட்டோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. மணப்பெண் உள்ளே வருகிற பாட்டை, வேறு வழியில்லாமல், ரெமிஜியஸே பெண் குரலில் பாடித் தொலைத்தார். மணப்பெண் பாதி வழியில் நின்றுவிட்டாள். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் அல்சூரில் இல்லை.

இனிமேல் ஆட்டோ என்றால் பாட்டு கிடையாது என்று மௌரீன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொம்மசந்திராவில் ஒரு கல்யாணம் இருக்கிறது.

ரெமிஜியஸ் முதலில் ஆசைப்பட்டது நாலு சக்கர இரும்பு டிரெய்லருக்கு. ஒரு குடும்பமே அதில் படுத்துத் தூங்கலாம். கட்டி இழுத்தபோது கார் போவதா வேண்டாமா என்று யோசித்தது. கிளட்ச் தீய்கிற வாசனை பக்கத்துப் பட்டறை வரை போனது.

அடுத்ததற்கு மூடி போட்டிருந்தது. மூடியின் கனமே ஸ்பீக்கர்களைத் தாண்டும்.

கடைசியாக அலுமினியத் தகடு போட்ட, இரண்டு சக்கரக் குட்டி டிரெய்லர். மௌரீன் அதன் முனையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இதுதான் என்றார். பின்னால் ஒன்று வருகிற நினைப்பே இல்லாமல் கார் அதை இழுத்தது.

வம்பெல்லாம் ரிவர்ஸில்தான். குட்டி டிரெய்லருக்குக் குறும்பு அதிகம். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்தால் படக்கென்று மடங்கிக்கொள்ளும்.

தனக்கோடி பொறுமையாகப் பாடம் எடுத்தான். "டிரெய்லர் கட்டிட்டா எல்லாமே தலைகீழ் சார். அது ரைட்ல போவணும்னா நீங்க ஸ்டீயரிங்க லெஃப்ட்ல ஒடிக்கணும்."

ரெமிஜியஸ் நன்றாகத் தலையாட்டினார். முப்பது வருஷம் கார் ஓட்டிய கைதான் கேட்கவில்லை.

மௌரீன் ஜன்னலோரமாகவே நடந்து, இந்தப் பக்கம் ஒடி, அந்தப் பக்கம் ஒடி என்று சொல்லிக்கொண்டு வந்தார். தனக்கோடி கவனித்தான், அந்தம்மா சொன்னது ஒவ்வொரு தடவையும் சரி. ரெமிஜியஸ் ஒவ்வொரு தடவையும் அதற்கு நேர் மாறாக ஒடித்தார். மனைவி சொன்னதற்காகவே மாற்றிச் செய்கிற புருஷன்மார்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

பட்டறை ஆட்கள், ஒன்றை இரண்டாகப் பங்கிட்ட பை-டூ டீயோடு வந்து கூடிவிட்டார்கள். அதில் ஒருவன் கன்னடத்தில் "பர்லி, பர்லி" என்று வரச்சொல்லிக் கையாட்டிக்கொண்டே இருந்தான். டிரெய்லர் வரத்தான் வந்தது. மடங்கித் திரும்பி, ஓட்டுகிறவர் யார் என்று பார்க்கிற மாதிரி கார் கதவுக்கே வந்து நின்றது.

தனக்கோடிக்கே பாவமாகிவிட்டது. இருந்தாலும் கண்டிஷன் கண்டிஷன்தான். கொக்கியைக் கழற்றச் சொல்லி ஆளுக்குக் கண் காட்டினான்.

"இருங்க, நான் ஒரு வாட்டி பாக்கறேன்" என்றார் மௌரீன்.

ரெமிஜியஸின் முகம் வெளுத்துப்போனது. "வேணாம் மௌரீன். இங்க ஆளுங்கல்லாம் நிக்கறாங்க."

நாலு பேர் முன்னால் மனைவி ஜெயித்துவிட்டால் கௌரவம் என்னாவது என்ற பயம். தனக்கோடிக்கு இதுவும் புதிதல்ல. அவனே முன்னால் போய் அந்தம்மாவுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டான்.

ரெமிஜியஸ் ஆட்களை ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி நிற்க வைத்தார். பிறகு அவரும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மௌரீன் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்து, ஸ்டீயரிங்கை ஒடித்தார்.

தேர் நிலைக்கு வந்து சேர்வதுபோல டிரெய்லர் ஷெட்டுக்குள் போய் நடுவாக நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

தனக்கோடி டிரெய்லரைத் தன் கையாலேயே துடைத்து, கொக்கிக்கு கிரீஸ் போட்டு, பின்பக்கம் ஒரு எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டான். முதல் தடவையிலேயே இப்படி விட்ட ஆள் அவன் பட்டறைக்கு இதுவரை வந்ததில்லை. அம்மா எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், வீட்டில் லாரி கீரி உண்டா என்று மரியாதையாக விசாரித்தான்.

ரெமிஜியஸ் சட்டென்று குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"எங்க ஓட்டறது அண்ணா, லைசென்சே தர மாட்டேங்கறாங்க" என்றார் மௌரீன், சாவியைக் கணவரிடம் நீட்டியபடி. "டெஸ்ட்டுக்குப் போறப்பல்லாம் ரிவர்ஸ்லதான் ஃபெயில் பண்றாங்க. எப்பவும் ஸ்டீயரிங்க நேர் எதிர்ப்பக்கமா ஒடிக்கறேனாம்."