அழித்து எழுதிய பந்து

ஹாக்கி வீரர்களை நேரில் பார்த்து ஆளுக்கொரு பந்தில் கையெழுத்து வாங்குவதுதான் பெலிக்ஸுக்கு இருந்த ஒரே பித்து. மைதான வாசலிலும் ரயிலடியிலும் கால்கடுக்க நின்று, அந்தக் காலத்து அணியில் எல்லோரையும் பிடித்துவிட்டான். சங்கரபாண்டி மட்டும் பாக்கி. விசாரித்து வீடு தேடிப் போனபோதுதான், பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துபோனது தெரிந்தது. திரும்பிவிட நினைத்தான். அதற்குள் அவர் பந்தைப் பார்த்துவிட்டார்.

"கொண்டாங்க தம்பி," என்று இடது கையை நீட்டினார்.

பேனா வழுக்கியது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. உற்றுப் பார்த்தவர், "இது என் கையெழுத்து இல்ல," என்று துண்டில் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அதையும் அழித்தார். வெள்ளைப் பந்து மை படிந்து சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது.

"பென்ஷனுக்கே கைநாட்டுதான் வைக்கிறாக," என்று கதவோரம் நின்ற அவர் மனைவி பெலிக்ஸின் காதோடு சொன்னாள். "நல்லாருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருங்க. இல்லேன்னா விடமாட்டாக."

அடுத்த முறை அவர் எழுதி முடித்ததும், "அச்சு அசல் உங்க கையெழுத்தேதான் சார்," என்றான் பெலிக்ஸ்.

அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"என் கையெழுத்த நீங்க பாத்ததே இல்லையே தம்பி. எப்படித் தெரியும்?"

அவர் மறுபடி துண்டை எடுத்தார். பெலிக்ஸ் தரையில் மண்டியிட்டு, அவர் மடியிலிருந்து பந்து உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.