அசையாத இருவர்

நேற்றுக் காலையிலிருந்து இரண்டு பேரும் அசையவில்லை.

ஒருவர் ஏழாம் எண் கூடாரத்தின் முன், ஏரியைப் பார்த்தபடி மடக்கு நாற்காலியில் இருந்தார். நீல மழைக்கோட்டு, முகத்தை மறைத்த குல்லாய், கையில் தூண்டில். இன்னொருவர் வனக்காவலர். முகாமின் வாசலில், பச்சை வண்டிக்குள் இருந்தார். கண்ணாடிகளில் ஆவி படிந்து, அகலத் தொப்பியின் நிழல் மட்டும் தெரிந்தது.

மழை பெய்தது. அந்தக் காட்டில் அது செய்தி அல்ல.

பன்னிரண்டாம் எண் கூடாரத்துக்குள் வெண்டெலும் அவன் மனைவியின் அண்ணன் ஹோபர்ட்டும் குந்தியிருந்தார்கள். நடுவில், படுக்கைப் பைக்குள், கன்றுக்குட்டி கனத்தில் ஒரு மேப்பிள் மரக் கழலை, அடிமரத்தில் கட்டிபோல் புடைத்து வளர்ந்தது. அதிலுள்ள சுழிகளுக்காக கிடார் செய்கிறவர்கள் உயிரை விடுவார்கள். அதை அறுத்தவர்களை அரசாங்கம் பிடித்துப்போகும். வெண்டெல் இரண்டு முறை அபராதத்தோடு தப்பியவன். மூன்றாவது முறை சிறைதான்.

அவர்களுடைய வண்டி வாசலுக்கு வெளியே நின்றது.

“ரெண்டு பேரும் ஒரே கூட்டம், மச்சான். ஏரிக்கரையில ஒருத்தன், வாசல்ல ஒருத்தன். நடுவுல நாம.”

“அவன் மீன் பிடிக்கிறான்டா.”

“நேத்துலேருந்து தூண்டில ஒரு தடவைகூட இழுக்கல. எவன் அப்படி மீன் பிடிப்பான்?”

“உன்னை மாதிரி ஒருத்தன்.”

வெண்டெல் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை மாட்டினா நோரீன் ஜெயிலுக்குப் பாக்க வரமாட்டாளாம். நாயை மட்டும் அனுப்புவாளாம்.”

“என் தங்கச்சி சொன்னா செய்வா.”

ஹோபர்ட் ஒரு கோப்பையில் காபி ஊற்றினான். “வா. மனுஷன்தானே. பேசிப் பாப்போம்.”

ஏழாம் எண்காரரின் குல்லாய்மேல் ஒரு நீலப் பறவை உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது. அவர் விரட்டவில்லை.

“சார், சூடா காபி.”

ஹோபர்ட் நீட்டிய கோப்பையை அவர் வாங்கவில்லை.

“அந்த மரம் பாதி செத்த மரம், சார். நாங்க ஒரு ஓரமா, கொஞ்சமா…”

ஹோபர்ட் பணிவோடு அவர் தோளைத் தொட்டான். தலை கழன்று மடியில் விழுந்தது. அங்கிருந்து உருண்டு ஏரியில் மிதந்தது.

வெண்டெல் அலறினான். பிறகு பார்த்தான். கூடைப்பந்து. கோட்டுக்குள் தலையணைகள்.

“இடம் பிடிச்சு வச்சிருக்கானுங்கடா!” ஹோபர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஏரிக்கரை இடங்களுக்கு முன்பதிவு இல்லை. முதலில் வந்தவருக்கு இடம். இருபத்துநாலு மணி நேரம் ஆளில்லாவிட்டால் காவலர் கூடாரத்தைப் பிரித்துவிடலாம். சனிக்கிழமை வரப்போகும் நகரத்துக்காரர்கள் வியாழனன்றே கூடாரம் அடித்து, இப்படி ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காய்ந்த மெத்தையில் தூங்குவார்கள்.

ஹோபர்ட் பந்தை எடுத்துத் துடைத்துப் பழையபடி வைத்தான். “பாவம், எடம் போயிடக் கூடாது.”

வெண்டெல் மெதுவாக வாசல் பக்கம் திரும்பினான்.

“மச்சான். அப்போ அந்த வண்டியில இருக்கறது?”

“அட! போன வருஷம் கீழ முகாம்ல என்ன பண்ணாங்க? ஆள் பத்தலன்னு ஜவுளிக்கடை பொம்மைக்குத் தொப்பி மாட்டி வண்டியில உக்கார வச்சாங்க. உங்கம்மா மூணு வாரம் அதுக்கு வணக்கம் சொன்னாங்களே!”

“அப்பவே நெனச்சேன். எந்த மனுஷன் ஒண்ணுக்குக்கூடப் போகாம நாள் பூரா உக்காருவான்?”

பத்து நிமிடத்தில் இருவரும் கழலையைச் சுமந்து வாசலுக்கு வந்தார்கள். படுக்கைப் பை மழையில் ஊறிப் பாதி வழியிலேயே கிழிந்திருந்தது. மூச்சு வாங்கியது. பச்சை வண்டியின் எஞ்சின் மூடி சரியான உயரத்தில் இருந்தது. அதன்மேல் தொப்பென்று இறக்கினார்கள்.

வெண்டெல் நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தான். “ஐயா, திருட்டுச் சாமான் போகுது. பாத்துக்கிட்டே இருங்க!”

ஹோபர்ட் நாக்கை நீட்டி அழகு காட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியிலிருந்த ஆவியைத் துடைத்தது. பக்கக் கண்ணாடி இறங்கியது. காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்தக் கட்டைய கொஞ்சம் நகத்துங்கப்பா, ஏழாம் நம்பர் மறைக்குது. இருபத்துநாலு மணி நேரம் முடிய இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, அவன் கூடாரத்தைப் பிரிச்சுட்டு உங்க கிட்ட வரேன்.”