பூக்க மறுத்த அரை ஏக்கர்

“இளையதம்பி, உம்மட வயலுக்குப் பூக்கிற எண்ணம் இருக்கோ, இல்லாட்டி என்னோட பகிடி விடுதோ?”

பளையிலிருந்து மனைவியோடு வாடகை வான் பிடித்து வந்திறங்கிய ஐயாத்துரை, வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே வரப்புக்குத்தான் போனார். மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுக்கு வந்து முதலில் பார்த்தது பெண்ணை அல்ல, நெல்லை.

காரணம் இருந்தது. ஆவணியில் சம்பந்தம் பேசி முடித்தபோது இளையதம்பி ஊர் கேட்க ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். “கலியாணச் சோறு என்ர வீட்டு வயல் மொட்டைக்கறுப்பன் அரிசிதான். மார்கழியில கதிர் வரும், தையில அறுப்பு. அறுத்த கையோட நாள் வைப்பம்.”

கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை பிரதாபன், தான் வேலை பார்க்கும் நோர்வேக்குப் பெண்ணைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மகள் சுதாஜினிக்கோ கம்பசில் விவசாயப் படிப்பின் கடைசிச் சோதினை பங்குனியில். அது முடியும்வரை பொறுக்கச் சொல்லி அவள் கேட்டுப் பார்த்தாள்.

“படிச்சு முடிச்சு? நோர்வேப் பனிக்குள்ள நெல் விதைக்கப் போறியோ பிள்ளை?” என்று மாமியாராக வரவிருந்த இரஞ்சிதம் சிரித்தார்.

அன்றைக்கு இளையதம்பி மகளுக்காக ஒரு சொல் பேசவில்லை. அரிசியைப் பற்றித்தான் பேசினார். அவருக்கு மகளைவிட அரிசிதான் பெரிசு என்று ஊரே கதைத்தது.

இப்போது மார்கழி முடிகிறது. வீட்டோடு கிடந்த அந்த அரை ஏக்கர், கரும்பச்சையாய், வெறும் இலையாய் நின்றது.

“பக்கத்து வயல் சுஜிதன் உமக்கு ஒரு மாசம் பிந்தித்தான் விதைச்சவன். அதுவும் மொட்டைக்கறுப்பன்தானே? அங்க கதிர் தலை சாஞ்சு நிக்குது. இஞ்ச மாடு மேய விடலாம்.”

“பூக்கும் அண்ணை. நல்ல சாதி நெல் அவசரப்படாது.”

ஐயாத்துரை ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் பிளந்தார். உள்ளே கதிரின் அடையாளமே இல்லை.

“விதை பிழை.”

“என்ர விதையைத்தான் சுஜிதனும் வாங்கி விதைச்சவன்.”

“அப்ப உரம் கூடிப்போச்சு.”

“ரெண்டு பேரும் ஒரே அளவுதான் போட்டனாங்கள்.”

“பிறகென்ன, ஆரும் செய்வினை செய்து போட்டாங்களோ?”

“செய்வினை செய்யிற அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆள் ஆகேல்லை அண்ணை.”

வரப்பைச் சுற்றி நட்டிருந்த கம்புகளில் பல்புகள் தொங்கின. ஐயாத்துரை அண்ணாந்து பார்த்தார்.

“இதென்ன, கலியாணத்துக்கு முதலே வயலுக்குச் சோடனை?”

“பன்றிக்கு அண்ணை. மகள்தான் கட்டினவள். பொழுதுபட்டால் சுவிச்சைப் போடுறது மட்டும்தான் என்ர வேலை.”

வீட்டில் தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்த சுதாஜினியின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இரஞ்சிதம் பேரத்தைத் தொடங்கினார்.

“தம்பி, மல்லாவியில நல்ல அரிசி கிடக்கு. மூட்டையா இறக்குவம். பந்தியில இருக்கிற சனம் கறியைத்தான் பாக்கும்.”

இளையதம்பி கோப்பையைக் கீழே வைத்தார். “அக்கா, அதுக்கு நான் வேற ஆளாப் பிறந்திருக்க வேணும். கடைச்சோறு திண்டவன் என்ர வரப்பால நடந்து போகேக்க என்ன கதைப்பான்? எனக்கு வாக்கு வாக்குத்தான். நாளைக்குக் கதிர் வரட்டும், நாளையிண்டைக்கே நாள் பாக்கிறன்.”

மல்லாவிச் சந்தையில் இருபது வருசம் மாட்டுத் தரகு பார்த்த மனுசன் இளையதம்பி. ஐயாத்துரை விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார்.

“பிரதாபன்ர லீவு மாசி நடுவோட முடியுது.”

“பாவம் பெடியன்.”

“அடுத்த லீவு ஆவணியில.”

“ஆவணி அருமையான மாசம்.”

ஐயாத்துரை மனைவியைப் பார்த்தார். மனைவி வயலைப் பார்த்தார். வயல் அசையவில்லை.

“சரி, ஆவணிக்கே வைப்பம். ஆனா அப்ப நெல்லைப் பற்றி ஒரு கதை கதைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

வாடகை வான் ஒழுங்கையால் திரும்பி மறைந்ததும் சுதாஜினி தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“அப்பா, ஒண்டு சொல்லவேணும். ஏசாதேங்கோ. வயல் பூக்காததுக்குக் காரணம் நான்தான்.”

“நீயோ?”

“மொட்டைக்கறுப்பன் இரவின்ர நீளத்தை அளந்துதான் பூக்கும். எப்ப விதைச்சாலும், இரவு நீளுற காலம் வந்தாத்தான் கதிர் கட்டும். இரவில வெளிச்சம் பட்டால் அந்தக் காலம் இன்னும் வரேல்லை எண்டு இலையாவே நிக்கும். பன்றிக்கு எண்டு சொன்னது பொய். இண்டைக்கு லைற்றை நிப்பாட்டினால் மாசிக்குள்ள பூத்திடும். சோதினை எழுதவேணும் எண்டுதான் அப்பா... ஊருக்கு முன்னால உங்களைத் தலைகுனிய வச்சிட்டன்.”

இளையதம்பி குனியவில்லை. சந்தையில் முதல் பரிசு வாங்கிய காளையைப் பார்ப்பதுபோல மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன வருசம் கம்பசில நீ மைக் பிடிச்சு, தெருவிளக்குக்குக் கீழ நெல் ஏன் பூக்கேல்லை எண்டு விளங்கப்படுத்தினனி எல்லே. சந்தைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு நான் அங்க கடைசிக் கதிரையில இருந்தனான். பாதிதான் விளங்கினது. ஆனா கை முழுசாத் தட்டினனான்.”

சுதாஜினி கண்ணைத் துடைத்தாள்.

“பேரத்தில முதல் ‘இல்லை’ எண்டு சொல்லுறவன் தோத்தான் பிள்ளை. அதுதான் போன ஆவணியில நான் ‘ஓம்’ எண்டு சொல்லி, நெல்லை நடுவில விட்டனான். மிச்சத்தை நீ பாப்பாய் எண்டு தெரியும். ஆனா ஒண்டு, நீ கட்டின ஒன்பது வோட்ஸ் பல்ப் வெளிச்சம் காணாது எண்டு, நீ கம்பசுக்குப் போன அண்டைக்கே எல்லாத்தையும் முப்பது வோட்ஸ் ஆக்கிப்போட்டன்.”