மானேஜர் கொண்டுவந்த புது டேப்

விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் அந்தச் சாட்சியைத் தீர்த்துக்கட்டியாக வேண்டும். மானேஜர் சத்தியமூர்த்தி கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடுகிற அறையில் அவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

சாட்சி மேசைமேல் வட்டமாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் டேப்.

காரைக்குடிக்கு வெளியே இருந்த அந்த ரசாயன ஆலையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது எழுபத்தெட்டில். குளோரின் தொட்டியைக் காவல் காப்பதுதான் அதற்கு வேலை. தொட்டியில் அழுத்தம் நாற்பதைத் தொட்டதும் அபாய மணி அடிக்க வேண்டும் என்று அந்த டேப்பில் புரோகிராம் எழுதியிருந்தார்கள்.

சும்மா சும்மா மணி அடித்து வேலை நிற்கிறதே என்று நாற்பதை எழுபதாக மாற்ற வைத்த புண்ணியவான் சத்தியமூர்த்திதான். போன வாரம் தொட்டி வெடித்தது. மணி அடிக்கவே இல்லை. அங்கே வேலையில் இருந்த சாக்கோட்டை சோணைமுத்து மூச்சு முட்டிச் செத்துப்போனான்.

'மணி அடித்தது, அவன்தான் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான்' என்று மானேஜர் கூசாமல் அறிக்கை அனுப்பிவிட்டார். அது நிஜமாக வேண்டுமானால் டேப்பில் நாற்பது இருக்க வேண்டும். அதற்காக மதராஸிலிருந்து ரகசியமாக ஒரு புது டேப் வரவழைத்திருந்தார். டேப்பையே மாற்றி வைக்க வழியில்லை. பழையதன் நம்பர் ஏற்கெனவே அதிகாரியின் கையில் இருந்தது. புதியதில் இருப்பதைப் பழையதன்மேல் காப்பி எடுத்து, உள்ளே இருப்பதை அழித்தால்தான் உண்டு.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டணுமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் தேனம்மை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதனால் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவர் நம்பினார்.

கண்ணாடிச் சன்னல் வழியே கேட் தெரிந்தது. சோணைமுத்துவின் பெண்டாட்டி சின்னத்தாயி கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் குடித்துவிட்டுச் செத்தான் என்று முடிவானால் அவளுக்குக் கம்பெனியிலிருந்து தம்பிடி வராது. தேனம்மை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்குட்டு என்ன பார்வை? இங்குட்டு வா!"

சத்தியமூர்த்தி சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து மிஷின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். ஆலையில் எது புதுசாக வந்தாலும் அவர் கையால்தான் தொடங்க வேண்டும். லாரியானாலும் சரி, களவாணித்தனமானாலும் சரி. பழைய டேப்பை இடப்பக்கம் மாட்டினார். புதியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வலப்பக்கம் மாட்டப் போனார்.

"சார், புதுசை எடப்பக்கம்தான்…"

"பீச்சாங்கைப் பக்கமா?" என்று எரிந்து விழுந்தார். "நல்லது நடக்கணும்னு நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன். புதுசைப் போய்ப் பீச்சாங்கைப் பக்கம் வைக்கச் சொல்றியே, வெளங்குமா? வாயை மூடு!"

தேனம்மை வாயை மூடிக்கொண்டாள்.

அவள் எழுத்துகளைக் காட்டக் காட்ட, டைப்ரைட்டர் போன்ற அந்த மிஷினில் காப்பி என்கிற உத்தரவை அவரே ஒற்றை விரலால் தட்டினார். டேப்புகள் கிறுகிறுவென்று சுற்றின. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. முடிந்தது என்று காகிதத்தில் அச்சடித்துக் காட்டியது மிஷின்.

"இப்ப ரெண்டும் ஒண்ணுபோல இருக்குமா?"

"அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கும் சார்."

"வெளிய மூச்சு விட்டே, வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு, புது டேப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. செத்தவனா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போகிறான்?

அதிகாரி பூமிநாதன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். டேப்பின் நம்பரைச் சரிபார்த்து, "அபாய மணி எந்த அளவில் அடிக்கும்னு இதை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

தேனம்மை தட்டினாள். காகிதம் நகர்ந்தது.

எழுபது.

சத்தியமூர்த்தி காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். "காப்பி ஆகலையா?" என்று வாய் தவறிக் கத்தியே விட்டார்.

"என்ன காப்பி?" என்று அதிகாரி திரும்பினார்.

"இல்ல சார்… சரியான டேப் இதுதான். இதைப் போட்டுப் பாருங்க!" பையிலிருந்து புதியதை எடுத்து நீட்டினார்.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதையும் போடச் சொன்னார். தேனம்மை மாட்டினாள், தட்டினாள்.

அதுவும் எழுபது.

"இதுல நாப்பதுதானே இருந்துச்சு! எங்க போச்சு?" தான் யார் முன்னால் நிற்கிறோம் என்பதையே மறந்து அவள்மேல் பாய்ந்தார் சத்தியமூர்த்தி. "என்னடி பண்ணின?"

அதிகாரி பேனாவை எடுத்தார். தேனம்மை நிமிர்ந்து நின்றாள்.

"இந்த மிஷின் எடப்பக்கம் இருக்கிறதைப் படிச்சு வலப்பக்கத்துல எழுதும் சார். புதுசை ஒங்க கையாலயே அழிச்சுட்டீக."