கைராசி இல்லாதவள்

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எலும்புக்கு மாற்றாக உடம்பில் வைக்கிற கால்சியம் பாஸ்பேட். மாதக்கணக்கில் கூழாகவே கிடந்து கழுத்தை அறுத்த சரக்கு, இன்று ஊசி ஊசியாகப் படிகமாகியிருந்தது.

"என்னம்மா பண்ணினே?"

ஆய்வு மாணவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "திட்டாதீங்க சார். காரக் கரைசல் வைக்கிற கண்ணாடி பாட்டில் கைதவறி உடைஞ்சிடுச்சு. அதான் பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி வச்சிருந்தேன்."

திட்ட வாயெடுத்தவர் அந்த கேனைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் முட்டாளல்ல. அதுதான் வினை. அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும். அதிலிருந்து கரைந்து வரும் துளியூண்டு சிலிக்கேட் போதும், படிகத்தை வளரவிடாமல் வழிமறித்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் பற்றி ஒரு பாடப்புத்தகத்தில் முழு அத்தியாயமே இருக்கிறது. எழுதியவர் அவர்தான். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

உடைந்தது, ஒரு பழைய செட்டில் மிஞ்சியிருந்த கடைசி பாட்டில்.

அந்த செட்டை முன்பு ஒருத்திக்காக, அவளுக்கு மட்டும், தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்திருந்தார். மற்ற பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் கேன்தான். எல்லோருக்கும் படிகம் வந்தது. அவளுக்கு மட்டும் கூழ்.

"உனக்குக் கைராசி இல்லம்மா" என்றார், அத்தனை பேர் முன்னாலும். ஆய்வைப் பாதியில் நிறுத்தி அனுப்பிவைத்தார்.

அவளை அப்படி அனுப்பியதைத்தான் அவருடைய நேர்மைக்குச் சான்றாக இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அவரும் தலையைக் குனிந்து, வெகு அடக்கமாக, ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொள்வார்.

"சார்... வேற கண்ணாடி பாட்டில் வாங்கி வச்சிடறேன் சார்."

"வேண்டாம்மா. கேனே இருக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்து, அன்று அனுப்பிவைத்தவளின் எண்ணை அழுத்தினார்.

மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடையில் யாருடைய ஆய்வேடோ பிரதியாகிக்கொண்டிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியதை நாக்கு நுனிவரை கொண்டுவந்துவிட்டார்.

"சொல்லுங்கப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றாள் மகள்.

"போட்டேன்மா" என்றார்.