பழகுகிற வயர்

எலெக்ட்ரீஷியன் பயிற்சி மையத்தில் இருந்த சிவப்பு வயருக்கு ஏதாவது ஒரு வீட்டில் விளக்கெரிய வைக்க ஆசை. கரன்ட்டை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மாணவர்கள் தினமும் அதன் நுனியைச் சீவி, முறுக்கி, ஜாயின்ட் போட்டுப் பழகுவார்கள். வகுப்பு முடிந்ததும் கட்டிங் பிளேயர் அந்த நுனியை நறுக்கிவிடும்.

"என்னை எப்பண்ணே வேலைக்கு அனுப்புவாங்க?"

"பயிற்சி முடியட்டும்டா," என்றது பிளேயர்.

எல்லா ஜாயின்ட்டும் அத்துப்படியானபோது வயர் ஒரு சாண்தான் மிச்சம். சுவிட்சிலிருந்து பல்புக்கே எட்டவில்லை. புதிதாக வந்த வயர்ச் சுருள் பிரியாமலிருக்க அந்தச் சாண் துண்டை அதன்மேல் சுற்றிக் கட்டினார்கள்.

"அண்ணே, என்னை எப்ப வேலைக்கு அனுப்புவாங்க?" என்று சுருள் ஆசையாகக் கேட்டது.

சிவப்பு வயர் தன் பிடியை இறுக்கிக்கொண்டு சொன்னது:

"பயிற்சி முடியட்டும்டா."