ஐயாவைப் பேச விடுங்க

முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் மாதம் ஒரு தடவை, பத்தே நிமிடம், டாக்டர் செல்போன் திரையில் வருவார். மனைவி போனைக் கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கய்யா, உடம்புக்கு என்ன?"

"முட்டி வலி டாக்டர். மாத்திரை போடச் சொன்னா காதுலயே வாங்கறதில்ல," என்றாள் மனைவி.

"அம்மா, ஐயாவைப் பேச விடுங்க."

"டாக்டர், வந்து…" என்று ஆரம்பித்தார் கணவர்.

"அவருக்கு வந்து, போயின்னு இழுக்கத்தான் தெரியும். ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறார். எழுதிக்குங்க."

"நான் என்ன சொல்றேன்னா…"

"நீங்க சும்மா இருங்க. சர்க்கரை டப்பாவை எங்க ஒளிச்சாலும் மோப்பம் பிடிச்சிடறார் டாக்டர்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எட்டு நிமிஷம் போயிடுச்சும்மா! ஐயா வாயே திறக்காம நான் என்னத்த வைத்தியம் பண்றது?"

மனைவி மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் கணவர் புகுந்துவிட்டார்.

"எனக்கில்ல டாக்டர், இவளுக்குத்தான் பதிவு பண்ணினேன். மூணு நாளா மாடிப்படி ஏறினா நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துடறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா."

அவர் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டர் அப்போதுதான் பதிவைப் பார்த்தார். பெண் பெயர்.

"நேரம் போனாப் போகட்டும்," என்றார். "அம்மா, போனை உங்க பக்கம் திருப்புங்க."